நெபுலைசரில் செய்த எஃப்டிஓ கண்ணாடி: 900 ஓமிலிருந்து 19 ஓமுக்கு

மேஜைமேல் ஒரு மைக்ராஸ்கோப் ஸ்லைடு கிடக்கிறது. நேராகப் பார்த்தால் வெறும் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் ரோஸும் பச்சையுமாக ஒரு மினுக்கம், மழைநாளில் ரோட்டில் சிந்திய டீசல் மாதிரி. மல்டிமீட்டர் முனைகளை அதன்மேல் வைத்தால் பீப் என்று கத்துகிறது, அதாவது மின்சாரம் கடத்துகிறது. மேலே பூசிய எஃப்டிஓ என்ற மெல்லிய படலத்தின் வேலை அது. இந்த ஒரு 'பீப்'புக்கு ஐந்து வாரமும் இருபது ஸ்லைடுக்கு மேலும் செலவாகியிருக்கின்றன.

ஆரம்பம் இதுவல்ல. மாணவர்களுக்குச் செய்து காட்ட ஒரு சாயச் சூரிய மின்கலம் வேண்டியிருந்தது. 1991-ல் ஓரீகனும் கிரெட்சலும் நேச்சர் இதழில் வெளியிட்ட வகை அது: டைட்டானியம் டை ஆக்ஸைடு, அதில் ஊறிய சாயம், நடுவில் அயோடின் கரைசல். பழச்சாறே சாயத்துக்குப் போதும் என்பதால் பள்ளிக்கூடம் வரை பிரபலமான சோதனை. எல்லாம் கைக்கு எட்டியது, ஒன்றைத் தவிர. கலத்தின் இரு பக்கமும் கண்ணாடி வேண்டும். அது வெளிச்சத்தையும் விட வேண்டும், மின்சாரத்தையும் கடத்த வேண்டும்.

செத்துப்போன கால்குலேட்டர்களின் திரையில் அந்த மாதிரிக் கண்ணாடி இருக்கிறது. இண்டியம் டின் ஆக்ஸைடு, சுருக்கமாக ஐடிஓ. இரண்டைப் பிரித்துப் பார்த்தேன். எண்களின் வடிவத்தில் துண்டு துண்டாகத்தான் படலம் பூசியிருந்தார்கள், எதற்கும் ஆகவில்லை. பிறகு நண்பர் ஒருவர் நல்ல ஐடிஓ துண்டு ஒன்றைக் கொடுத்தார். மின்தடை சதுரத்துக்கு 15 ஓம் (இந்த அளவைப் பின்னால் விளக்குகிறேன்). டைட்டானியம் பசையைத் தடவி 450 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு எடுத்தால் 50-ஐத் தொட்டிருந்தது. ஐடிஓவின் கடத்தலில் ஒரு பங்கு அதன் படிகத்தில் ஆக்ஸிஜன் இல்லாத காலியிடங்களால் வருவது. காற்றில் வைத்துச் சுட்டால் அந்த இடங்கள் நிரம்பிவிடும். இண்டியம் விலையும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது.

சூட்டைத் தாங்குவது ஃப்ளூரின் கலந்த டின் ஆக்ஸைடு, எஃப்டிஓ. டின் என்பது வெள்ளீயம். வெற்றிடக் கருவி இல்லாமலே செய்யலாம். வெள்ளீய உப்புக் கரைசலை 400 டிகிரிக்கு மேல் சூடான கண்ணாடிமீது புகையாகத் தெளித்தால், அந்தச் சூட்டில் உப்பு சிதைந்து ஆக்ஸைடாக ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரே பைராலிசிஸ் என்பார்கள். சரி, செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் நாள் கரைசலை ஆல்கஹாலில் கலக்கி, சென்ட் பாட்டில் மாதிரியான ஒரு ஸ்பிரேயரில் ஊற்றி, ஹாட்பிளேட்மேல் அடித்தேன். மூன்றாவது அடியில் நீல நாக்கு ஒன்று எழுந்து அணைந்தது. எத்தனாலின் ஆவி பொறியே இல்லாமல் தானாகப் பற்றும் வெப்பநிலை 365 டிகிரிப் பக்கம். என் தட்டு அதைவிடச் சூடு. புத்தகத்தில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. கூடவே, பெரிய துளிகள் விழுந்த ஸ்லைடு 'டிக்' என்று இரண்டாகப் போனது. அன்றோடு ஆல்கஹாலுக்கும் ஸ்பிரேயருக்கும் கும்பிடு.

அப்புறம் வந்ததுதான் நெபுலைசர். மூச்சிரைப்புக்கு வீட்டில் வைத்திருக்கும் அதே சிறு கம்ப்ரசரும் பிளாஸ்டிக் கோப்பையும். அதன் துளிகள் சில மைக்ரான் அளவுதான், கண்ணாடிக்கு அதிர்ச்சியே தெரியாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் போன நெபுலைசர் மறுபடி எந்த மனிதரின் முகத்துக்கும் போகக் கூடாது. எங்களுடையதில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, மாஸ்க்கை வெட்டி எறிந்துவிட்டோம். முழு வேலையும் ஃபியூம் ஹூட்டுக்குள்தான், புகையை வெளியே இழுத்துவிடும் ஆய்வகப் பெட்டி அது. அமிலமும் ஃப்ளூரைடும் சேர்ந்தால் வருவது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், விளையாட்டில்லை. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அந்த அமிலம் தோலில் பட்டால் தடவப் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். வீட்டுச் சமையலறையில் யாரும் முயல வேண்டாம்.

கரைசல் இதுதான். ஸ்டானஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பு 5.6 கிராம், 5 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெல்லச் சூடாக்கிக் கரைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 50 மில்லி ஆக்க வேண்டும். தனியாகக் கொஞ்சம் நீரில் 0.4 கிராம் அம்மோனியம் ஃப்ளூரைடு கரைத்து அதில் சேர்க்க வேண்டும். வெள்ளீயத்தோடு ஒப்பிட்டால் ஃப்ளூரைடு அதிகமாகத் தெரியும். பெரும்பகுதி ஆவியாகவே போய்விடும், படலத்துக்குள் போவது சொற்பம். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கண்ணாடியை இது அரிக்கும்.

முதல் தடவை அமிலத்தைச் சிக்கனம் பிடித்தேன். நீர் ஊற்றியதும் கரைசல் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. ஸ்டானஸ் குளோரைடு நீரோடு வினைபுரிந்து கரையாத வெள்ளைப் பொடியாகப் பிரிவதால் வருகிற கலங்கல். அமிலம் போதுமான அளவு இருந்தால் இது நடக்காது. 'தெளித்தால் எல்லாம் ஆக்ஸைடுதானே' என்று அதையே ஊற்றி ஓட்டினேன். கிடைத்தது பால்வெள்ளைப் படலம், சதுரத்துக்கு 900 ஓம். கலங்கினால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

'சதுரத்துக்கு' என்ற அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளைப் படலத்தில் குத்தினால் வரும் எண் முனையின் கூர்மைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப ஆடும். அதை வைத்து இரண்டு ஸ்லைடை ஒப்பிட முடியாது. ஒரே சீரான படலத்தில் ஒரு சதுரத்தை வெட்டி, எதிரெதிர்ப் பக்கங்கள் முழுக்க மின்தொடுப்பு கொடுத்தால், சதுரம் சிறியதோ பெரியதோ மின்தடை ஒன்றுதான். நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும், அகலமும் இரட்டித்தால் அது பாதியாகிவிடும். இதை நான் அளப்பது இப்படி. ஸ்லைடு 25 மில்லிமீட்டர் அகலம். இரு முனைகளிலும் அலுமினியத் தாளை மடித்துக் கவ்வி அதன் வழியாக 10 மில்லியாம்பியர் விடுகிறேன். நடுவில் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தையல் ஊசிகளை வைத்து வோல்ட் மட்டும் பார்க்கிறேன். ஊசிகளுக்கு நடுவே இருப்பது சரியாக ஒரு சதுரம். 0.19 வோல்ட் என்றால் 19 ஓம், அவ்வளவுதான். தாள் எவ்வளவு மோசமாகக் கவ்வியிருந்தாலும் இந்த எண் மாறாது.

இனி, என்னை இரண்டு வாரம் சுற்றவிட்ட விஷயம்.

ஹாட்பிளேட்டின் திரையில் 450 என்று காட்டினால் அது தட்டுக்குள் இருக்கும் சென்சாரின் கணக்கு. மேலே வைத்த கண்ணாடியின் மேற்பரப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதனால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருந்தேன். கொரோனா நாட்களில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த ஜாதிதான். இது 550 டிகிரி வரை காட்டும். வெறும் ஸ்லைடைப் பார்த்து 410 என்றது. சரி என்று தெளிக்க ஆரம்பித்தேன். இந்த முறை கரைசல் தண்ணீர்போலத் தெளிவு. பத்து நிமிடத்தில் 370. இருபதில் 320. அரை மணியில் 260.

நெபுலைசரின் காற்று கண்ணாடியைக் குளிர்விக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. தட்டைக் கூட்டினேன். எண் கொஞ்சம் ஏறி, பிறகு மறுபடி இறங்கியது. மேலும் கூட்டினேன். கடைசியில் தட்டு உச்சத்தில், தெர்மாமீட்டர் 290-ல், ஸ்லைடின்மேல் பவுடர் பூசினாற்போல வெள்ளைத் தூசி. விரலால் தேய்த்தால் வருகிறது. குளிர்ந்த கண்ணாடியில் இப்படித் தூசி வராது. சூடு மிஞ்சிப்போய், துளிகள் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து பொடியாகும்போதுதான் வரும். இது தெரிந்திருந்தும் கையில் இருந்த எண்ணைத்தான் நம்பினேன். ஒரு தடவை காற்றை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன்கூட. காற்றுதான் காரணம் என்றால் எண் மேலே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அங்கேயே பிடித்திருக்கலாம்.

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவராக இருந்தவர்.

"சார், கண்ணாடி சூடாத்தான் இருக்கு. உங்க மிஷின்தான் தப்பு."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"எங்கப்பா தெர்மாமீட்டரா வச்சிருந்தாரு? ஈயத்தைத் தொட்டு வைப்பாரு. உருகினா சூடு சரி, உருகலேன்னா இன்னும் ஊதணும்."

பாத்திரத்துக்குப் பூசுகிற 'ஈயம்' உண்மையில் வெள்ளீயம், நான் கண்ணாடியில் பூசிக்கொண்டிருக்கும் அதே உலோகம். அது 232 டிகிரியில் உருகிவிடும்; 290-ஐச் சரிபார்க்க அது உதவாது. எனக்கு வேண்டியது 400-க்குப் பக்கத்தில் உருகும் ஒன்று. துத்தநாகம்! 419.5 டிகிரி. பழைய டார்ச் செல்லின் ஓடு துத்தநாகம்தான். தேய்த்துச் சுத்தம் செய்து, நகக்கண் அளவுக்கு இரண்டு துணுக்குகள் வெட்டினோம். ஒன்றைப் படலம் பூசிய ஸ்லைடின்மேலும், இன்னொன்றைப் பக்கத்தில் வெறும் ஸ்லைடு ஒன்றின்மேலும் வைத்தோம். துத்தநாகத்தின்மேல் ஆக்ஸைடுத் தோல் படிந்துவிடும், அதனால் உருகினாலும் வடிவம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். ஊசியால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டேன். இரண்டுமே கூழாக நெளிந்தன.

வெறும் ஸ்லைடைத் தெர்மாமீட்டர் 480-க்கு மேல் காட்டியது. ஒட்டி இருக்கிற, அதே சூட்டில் துத்தநாகத்தை உருக்கிக்கொண்டிருக்கிற பூசிய ஸ்லைடை 290 என்றது.

அண்ணனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எனக்கு வெட்கமாகவும், உடனே சந்தோஷமாகவும் இருந்தது. அந்தத் தவறான எண்தான் படலம் நன்றாக வந்திருப்பதற்கு அத்தாட்சி.

விஷயம் இது. டின் ஆக்ஸைடில் எலெக்ட்ரான் கட்டுண்ட நிலையிலிருந்து விடுபட 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதா ஓரத்தில்கூட ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஒளித்துகளிடம், சுமார் 3.1-தான் உண்டு. ஆகவே ஒளி அதை அசைக்க முடியாமல் நேரே கடந்துபோகிறது. சுத்தமான ஆக்ஸைடாக இருந்தால் மின்சாரமும் அவ்வளவாகப் போகாது. ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃப்ளூரின் உட்கார்ந்தால், அளவில் கிட்டத்தட்ட பொருந்துகிறது, ஆனால் ஒரு எலெக்ட்ரான் மிச்சமாகிறது. அதுதான் கடத்துகிறது. இப்படி மிச்சமானவை ஒரு கன சென்டிமீட்டரில் 10²⁰ அளவில் இருக்கும். செம்பில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவு. இந்தக் கூட்டம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கப் போதாது, ஆனால் அகச்சிவப்புக்கு (வெப்பக் கதிருக்கு) முகம் பார்க்கும் கண்ணாடிபோல நின்று திருப்பி அனுப்பப் போதும். எதை நன்றாகப் பிரதிபலிக்கிறதோ அதை நன்றாக உமிழாது. வெறும் கண்ணாடி வெப்பக் கதிரை 90 சதவீதம் போல உமிழும், தெர்மாமீட்டரும் அப்படித்தான் எண்ணிக் கணக்குப் போடுகிறது. நல்ல எஃப்டிஓ உமிழ்வது 15, 20 சதவீதம். கதிர் குறைந்ததைப் பார்த்து அந்தக் கருவி சூடு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறது. குளிர்நாடுகளில் வீட்டுச் சூடு வெளியே போகாமலிருக்க ஜன்னலில் போடும் லோ-ஈ (வெப்பத்தைக் குறைவாக உமிழும்) கண்ணாடிகளில் ஒரு வகை இதே எஃப்டிஓதான். அவர்களுக்கு அது சரக்கு, எனக்கு அது தலைவலி.

அடுத்த ஓட்டத்திலிருந்து முறையை மாற்றினேன். வெறும் ஸ்லைடின்மேல் துத்தநாகம் வைத்து, அது நெளியத் தொடங்கும் இடத்தை ஹாட்பிளேட் குமிழில் ஸ்கெட்ச் பேனாவால் குறித்தேன். அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு ஓட்டுவது. புகை எட்டாத ஓரத்தில் ஒரு வெறும் ஸ்லைடு நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்; சூட்டைப் பார்க்க தெர்மாமீட்டரை அதன்மேல் மட்டும் காட்டுவேன். பூசும் ஸ்லைடின்மேல் காட்டுவது வேறொரு காரணத்துக்காக. அந்தப் பொய் எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு படலம் வளர்ந்திருக்கிறது. 170-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்திவிடலாம். கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. படலம் தடிக்கத் தடிக்க நிறம் சுற்றிச் சுற்றி வரும்: மங்கல் நீலம், மஞ்சள், ஊதா, பச்சை என்று. அடுத்தடுத்த சுற்றுகளில் நிறம் வெளிறி ரோஸும் பச்சையும் மட்டும் மாறிமாறித் தெரியும்போது தடிமன் அரை மைக்ரானை நெருங்குகிறது என்று கொள்ளலாம்.

நெபுலைசர் நிமிடத்துக்குக் கால் மில்லி போலத்தான் கக்கும். 20 மில்லி தீர ஒன்றேகால் மணி நேரம். புகை அங்குமிங்கும் அலையாமல் இருக்க ஒரு கண்ணாடிக் குழாயைக் கோப்பையின் வாயில் பொருத்தி, ஸ்லைடுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நிறுத்தி, கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தேன். அலுப்பான வேலை. முடிந்ததும் ஸ்லைடை எடுத்துவிடக் கூடாது. தட்டை அணைத்துவிட்டு, அதன்மேலேயே தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு இடுக்கியால் தூக்கிய ஒன்று கையிலேயே வெடித்தது.

நடுப்பகுதியில் 19 ஓம். கடையில் வாங்குவது 8-லிருந்து 15 வரை இருக்கும், அதோடு போட்டியெல்லாம் இல்லை. 450 டிகிரியில் அரை மணி சுட்டும் 20-ஐத் தாண்டவில்லை. ஐடிஓ தோற்ற இடம் அது.

கலம் செய்தது சுருக்கமாக. டைட்டானியம் டை ஆக்ஸைடு நுண்தூள் 6 கிராம், நீர்த்த அசெட்டிக் அமிலம் 9 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கல்வத்தில் அரைத்து, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. ஸ்லைடின் ஓரங்களில் செலோடேப் ஒட்டி, நடுவில் பசையைக் கண்ணாடிக் கம்பியால் ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். டேப்பின் தடிமன்தான் பசையின் தடிமன். சுடும்போது முதலில் பழுப்பாகி, பிறகு வெளுக்கும். வெளுத்ததும் நாவல்பழச் சாற்றில் பத்து நிமிடம். எதிர்ப் பக்கத்துக்கு இன்னொரு எஃப்டிஓவில் மெழுகுவர்த்திப் புகைக் கரி. நடுவே எத்திலீன் கிளைகாலில் கரைத்த பொட்டாசியம் அயோடைடும் அயோடினும். இரண்டு பைண்டர் கிளிப்.

ஒப்பிட்டுப் பார்க்க, பழைய 900 ஓம் ஸ்லைடுகளிலும் ஒரு கலம் கட்டினேன். மதிய வெயிலில் மொட்டை மாடியில் இரண்டையும் வைத்து அளந்தபோது திறந்த சுற்று வோல்ட் (மின்னோட்டம் எடுக்காதபோது வருவது) ஏறக்குறைய ஒன்றுதான்: 0.36, 0.39. வோல்ட் மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார். மின்னோட்டம்தான் ஆளைக் காட்டியது. 900 ஓம் கலம் 0.15 மில்லியாம்பியர், 19 ஓம் கலம் 2.1. இரண்டும் 3 சதுர சென்டிமீட்டர்தான், சாயமும் ஒரே பழம்தான். கணக்கும் ஒத்துப்போகிறது. மின்னோட்டம் இரண்டு தகடுகளிலும் சேர்த்துச் சுமார் இரண்டு சதுரம் கடக்கிறது. 900-ல் அது 1800 ஓம், 0.36 வோல்ட் முழுவதையும் அதிலேயே போட்டாலும் 0.2 மில்லியாம்பியரைத் தாண்ட வழியில்லை. 19-ல் 38 ஓம், 2.1 மில்லியாம்பியருக்கு 0.08 வோல்ட்தான் இழப்பு. அரை மைக்ரான் படலம் அவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

சாயங்காலத்துக்குள் அயோடின் கரைசல் ஓரங்களில் கசிந்து கலம் பாதியாகிவிட்டது. அது எதிர்பார்த்ததுதான், விளிம்பை ஒட்டி மூடவில்லை. என்னை உறுத்துவது வேறு. ஸ்லைடின் நடுவில் 19 இருந்தால் ஓரத்தில் 34 இருக்கிறது. குழாயைக் கையால் நகர்த்தினால் அப்படித்தான் வரும். பழைய பிரிண்டரிலிருந்து ஸ்டெப்பர் மோட்டாரோடு ஒரு தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். குழாயை அதில் கட்டிவிட்டால் நான் உட்கார்ந்துகொள்ளலாம். அண்ணன் இன்னொரு டார்ச் செல் ஓட்டைத் தேய்த்து, துணுக்குகளாக வெட்டி, தீப்பெட்டியில் போட்டு ஹாட்பிளேட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.